கார்க் துணியின் நிற வேறுபாடு: டர்பனில் வாங்குகிறவர்களும் தைக்கிறவர்களும் கேட்கும் கேள்விகள்

தோல் வேண்டாம் என்று கார்க் பைக்கும் பர்ஸுக்கும் மாறுகிறவர்கள் தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், டொங்காட் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் நிறத்தைச் சுற்றியே இருக்கும்: படத்தில் ஒன்று, கையில் ஒன்று, முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, வாங்கியபோது ஒன்று, ஆறு மாதம் கழித்து ஒன்று. எது பட்டையின் இயல்பு, எது செய்தவர் விட்ட குறை, எதை வெட்டும்போதே சரிக்கட்டலாம் என்பதுதான் இங்கே விஷயம்.

கார்க் துணி துணியா, மரமா?

இரண்டும். மேலே இருப்பது கார்க் ஓக் மரத்தின் வெளிப்பட்டை. அடியில் இருப்பது பருத்தி அல்லது பாலியெஸ்டர் துணி. பட்டையை உரித்து, கொதிநீரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வேகவைத்து, தட்டையாக்கி, பசையிட்டுக் கட்டியாக அடுக்குவார்கள். அந்தக் கட்டியை அரை மில்லிமீட்டருக்கும் மெல்லிய தாளாகச் சீவி அடித்துணியில் ஒட்டுவார்கள். கடைசியில் நிறமற்ற மேல்பூச்சு ஒன்று. எல்லாம் சேர்ந்து தடிமன் பெரும்பாலும் 0.5 முதல் 1 மில்லிமீட்டர். ரோலின் அகலம் 135 முதல் 140 செ.மீ. சாயமோ அச்சோ போடாத வகையில் நீங்கள் பார்க்கும் நிறம் பட்டையின் சொந்த நிறம்தான்.

ஒரே ரோலில் ஒரு இடம் வெளிர் தேன் நிறம், இன்னொரு இடம் கரும்பழுப்பு. ஏன் இப்படி?

காரணம் மரத்திலிருந்தே தொடங்குகிறது. போர்த்துகலில் மரத்துக்கு ஏறக்குறைய 25 வயதாகி, தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் சுற்றளவு 70 செ.மீ. எட்டிய பிறகுதான் முதல் பட்டையை எடுக்கலாம். அதன்பின் ஒவ்வோர் உரிப்புக்கும் குறைந்தது 9 ஆண்டு இடைவெளி விட வேண்டும். உரித்த ஆண்டின் கடைசி இலக்கத்தை அடிமரத்திலேயே வெள்ளைப் பெயின்டால் எழுதிவிடுவார்கள். 4 என்று இருந்தால் 2024. முதல் பட்டை கரடுமுரடாக, வெடிப்பு வெடிப்பாக இருக்கும். இரண்டாவது கொஞ்சம் தேவலை. மூன்றாவது உரிப்பிலிருந்துதான் மேற்பரப்பு சீராக வரும்.

இனி அந்தப் பட்டைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். 9 ஆண்டு வளர்ந்த பட்டையில் ஆண்டுக்கொரு வளையம் வரிசையாக இருக்கும். வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் வளரும் செல்கள் பெரியவை, சுவர் மெல்லியவை. அந்தப் பகுதி வெளிறித் தெரியும். ஆண்டு முடிவில் வளர்பவை சிறியவை, சுவர் தடித்தவை. அது கறுத்த மெல்லிய கோடாகத் தெரியும். மழை பெய்த ஆண்டில் வளையம் அகலம், வறண்ட ஆண்டில் குறுகல். வளையங்கள் நெருங்க நெருங்க மொத்த நிறமும் அடர்த்தியாகும்.

சீவும் கத்தி நேர்க்கோட்டில் போகிறது. வளையமோ மரத்தின் வளைவையும் முண்டையும் பின்பற்றி அலைஅலையாகப் போகிறது. கத்தி வசந்தப் பகுதியில் ஓடிய இடம் தேன் நிறம், கறுத்த கோட்டைத் தொட்ட இடம் பழுப்புத் திட்டு. பக்கத்துப் பக்கத்தில் இரண்டும் இருப்பது இதனால்தான். அடுத்த தாள் வெறும் அரை மில்லிமீட்டர் தள்ளித்தான் சீவப்படுகிறது, ஆனாலும் அதற்குள் திட்டின் வடிவம் மாறிவிடும்.

இதோடு மண், மரத்தின் வயது, பட்டை மரத்தோடு ஒட்டியிருந்த உட்பக்கமா காற்றும் வெயிலும் பட்ட வெளிப்பக்கமா என்பது, வேகும்போது எவ்வளவு டானின் (பட்டையிலுள்ள துவர்ப்புப் பொருள்) நீரில் இறங்கியது என்பது எல்லாம் சேர்கின்றன. ஒரு கட்டியில் பல மரங்களின் பட்டை இருக்கும். ஆக, நிற வேறுபாடு இல்லாத இயற்கைக் கார்க் ரோல் கேட்பதில் பொருளில்லை. வேறுபாடு எவ்வளவு, அதை எங்கே வைப்பது என்பதைத்தான் பேச முடியும்.

சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகளும் கோடுகளும் பூச்சி அரித்தவையா?

இல்லை. அவை மரம் மூச்சுவிடும் துளைகள். பட்டையின் உள்ளிருந்து வெளிநோக்கி நேராக ஓடும் குழல்கள் அவை. உள்ளே கரும்பழுப்பு நிறத் தூள் இருக்கும். பட்டையின் மேற்பரப்புக்கு இணையாகச் சீவினால் குழலின் குறுக்குவெட்டு வட்டப் புள்ளியாகத் தெரியும். பட்டையின் தடிமனோடு ஒட்டிச் சீவினால் அதே குழல் நீளக் கோடாகக் கிடக்கும். புள்ளி வகை, கோடு வகை என்று கடைகளில் தனித்தனிப் பெயரில் விற்பது பல சமயம் ஒரே பட்டைதான். சீவிய திசை மட்டும் வேறு.

பூச்சி துளைத்த கார்க்கும் உண்டு, ஆனால் அதை எளிதாகப் பிரித்தறியலாம். மூச்சுத் துளையின் ஓரம் கலங்கலாக, பக்கத்து நிறத்தோடு கரைந்து போகும். பூச்சி போட்ட வழி கூர்மையான விளிம்போடு வளைந்து வளைந்து போகும். அதன் வழியே அடித்துணி தெரியும். நல்ல ஆலையில் அது துணிவரை வருவதில்லை.

தங்கம், வெள்ளி மின்னும் வகை?

அது மரத்திலிருந்து வருவதல்ல. தாளின் துளைகளிலும் பிளவுகளிலும் மேற்பரப்பிலும் உலோக நிறப் பூச்சையோ படலத்தையோ பதித்தது. அடியில் கார்க்கின் சொந்த நிறம் மாறத்தான் செய்யும். மின்னல் கண்ணை இழுப்பதால் வேறுபாடு குறைவாகத் தோன்றும், அவ்வளவுதான். கைப்பிடி, மடிப்பு போன்ற உரசும் இடங்களில் மின்னல்தான் முதலில் போகும். அங்கே இந்த வகை வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

எதை இயல்பு என்று ஏற்பது, எதைக் குறை என்று திருப்பிக் கொடுப்பது?

இயல்பு: தேன் நிறத்திலிருந்து கரும்பழுப்பு வரை மாறும் திட்டுகள், புள்ளி, கோடு, ஒரு சதுர அடியில் அடர்த்தி கூடி அடுத்ததில் குறைவது, தாளும் தாளும் சேரும் இடத்தில் நிறம் சற்றுத் தாவுவது.

குறை: தாள் சேரும் இடத்தில் நகம் மாட்டும் அளவு மேடு அல்லது இடைவெளி. அடித்துணி தெரியும் ஓட்டை. கையால் மடித்தால் மேல்பூச்சு வெள்ளைக் கோடாக வெடிப்பது. பசை மேலே கசிந்து, சாய்த்துப் பார்த்தால் மட்டும் பளபளவென்று தெரியும் திட்டு. முகர்ந்தால் பூஞ்சை வாடை; சாம்பல் நிறத்தில் வட்ட வட்டமாகப் படர்ந்த கறை.

சந்தேகமான திட்டு என்றால் மூன்று சோதனை போதும். ஈர வெள்ளைத் துணியால் பத்து முறை தேயுங்கள். நிறம் துணியில் இறங்கினால் அது பட்டையின் நிறம் அல்ல, கறை அல்லது சாயம். அந்த இடத்தை விரலில் சுற்றி மடித்து விடுங்கள். திட்டின் ஓரம் உரிந்தால் ஒட்டுதல் சரியில்லை. பின்னால் திருப்பிப் பாருங்கள். அடித்துணியிலும் அதே இடத்தில் கறை இருந்தால் நீரோ எண்ணெயோ ஊறியிருக்கிறது. மூன்றிலும் தேறினால் அது மரம் தந்த நிறம்.

போனில் பார்த்தது ஒரு நிறம், வந்தது வேறு நிறம். யாரை நம்புவது?

போனை நம்ப வேண்டாம். போன் கேமரா வெள்ளை எது என்று தானே முடிவு செய்துகொள்கிறது. படம் முழுக்கப் பழுப்பாக இருந்தால் அதைக் குளிர்ந்த சாம்பலாக இழுத்துவிடும். வீட்டு எல்.இ.டி. பல்பிலும் மஞ்சள் ஒளி (2700 கெல்வின்) பல்பின் கீழ் கார்க் செம்பழுப்பாகும். வெள்ளை ஒளி (6500 கெல்வின்) பல்பின் கீழ் பச்சைசாய்ந்து வறண்டு தெரியும்.

விற்கிறவரிடம் படம் கேட்கும்போது இப்படிக் கேளுங்கள்: பகலில், விளக்கை அணைத்து, தெற்கு பார்த்த ஜன்னலருகே, துணியோடு ஒரு சாதாரண வெள்ளைத் தாளையும் வைத்து எடுத்த படம். தென்னாப்பிரிக்காவில் சூரியன் வடக்கு வழியாகப் போவதால் தெற்கு ஜன்னலில்தான் நேர் வெயில் படாத சீரான ஒளி கிடைக்கும். அமெரிக்க, ஐரோப்பியப் பக்கங்களில் வடக்கு ஜன்னல் என்று எழுதியிருப்பார்கள். அது அவர்கள் ஊருக்கு. படத்தில் அந்தத் தாள் வெள்ளையாகத் தெரிந்தால் துணியின் நிறமும் ஏறக்குறைய சரி. தாள் மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிந்தால் வேறு படம் கேளுங்கள்.

மாதிரித் துண்டு வாங்குவதானால் 5 செ.மீ. சதுரம் பயன்படாது. திட்டுகளே அதைவிடப் பெரியவை. ஏ4 அளவுக்குக் குறையாமல் கேளுங்கள்.

கல்யாணத் தாம்பூலப் பை இருபது வேண்டும், எல்லாம் ஒரே மாதிரி இருக்குமா?

ஒரே குடும்பம் என்று தெரியும். அச்சு அசலாக இருக்காது. குடும்பச் சாயல் கிடைக்க வேண்டுமானால் ஒரே வழி, மொத்தத்தையும் ஒரே ரோலில் ஒரே தடவை எடுப்பது. பத்து இப்போது, பத்து அடுத்த மாதம் என்றால் இரண்டாவது பத்து வேறு கட்டி, வேறு மரங்கள். விற்கிறவர் “அதே ரகம்தான்” என்று சொன்னாலும் ரகம்தான் அதே, நிறம் அதே அல்ல.

இருபதும் கண்டிப்பாக ஒரே நிறத்தில் வேண்டும் என்றால் இயற்கை வகையை விட்டுவிட்டு, பொடித்த கார்க்கைச் சேர்த்துச் செய்த வகையை எடுங்கள். பொடி கலந்தால் வெளிறியதும் கறுத்ததும் ஒன்றாகிச் சராசரியாகிவிடும். பார்க்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் ஒன்றுபோல் இருக்கும். இந்த வகையில் கரும்பழுப்பு வேண்டுமென்றால் பொடியைச் சூடாக்கியே கறுக்க வைக்க முடியும், சாயம் தேவையில்லை.

வெட்டும்போது எப்படிப் பொருத்துவது?

இங்கேதான் காசும் நேரமும் போகிறது. தையலில் கைதேர்ந்தவர்களும் இதில் அவசரப்படுவார்கள்.

முதலில் முழுத் துணியையும் விரித்து, பகல் வெளிச்சத்தில், இரண்டு மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். கிட்ட நின்றால் புள்ளி தெரியும். தள்ளி நின்றால்தான் திட்டு தெரியும். பை கையில் தொங்கும்போது மற்றவர்கள் பார்ப்பது திட்டைத்தான். கறுத்த பகுதியையும் தாள் சேரும் கோட்டையும் பின்பக்கம், அடித்துணியின் மேல், சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் சாக்பீஸ் வேண்டாம். தூள் துளைக்குள் போனால் எடுப்பது கஷ்டம்.

அடுத்து, எந்த இரண்டு துண்டுகள் பக்கத்துப் பக்கத்தில் வரும் என்று பாருங்கள். முன்பலகையும் (பையின் முன்பக்கத் துண்டு) மூடியும் ஒன்றன்மேல் ஒன்று வருவதால் அவற்றைத் துணியில் அடுத்தடுத்தே வெட்ட வேண்டும். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே நேரத்தில் கண்ணில் படாது. அங்கே வேறுபாடு பொறுக்கலாம். கறுத்த பகுதியை அடிப்பாகத்துக்கும் கைப்பிடிக்கும் ஒதுக்குங்கள். கை அழுக்கும் தரை அழுக்கும் அங்கேதான் சேரும், கறுப்பு அதை மறைக்கும். கோடு வகையில் எல்லாத் துண்டிலும் கோடு ஒரே திசையில் ஓட வேண்டும். ஒன்றை மட்டும் 90 பாகை திருப்பினால் நிறம் பொருந்தினாலும் பை கோணலாகத் தெரியும்.

ஓர் எடுத்துக்காட்டு. 40 × 35 செ.மீ. பலகைகள் நான்கு, அதாவது இரண்டு பைக்கு. 140 செ.மீ. அகலத்தில் ஒரு வரிசைக்கு மூன்று பலகை. இரண்டாவது வரிசையில் ஒன்று. இரண்டாவது வரிசையில் மிஞ்சும் 100 × 35 செ.மீ.யில் 60 × 8 செ.மீ. கைப்பிடிப் பட்டைகள் நான்கும் அடங்கும். கணக்குப்படி 70 செ.மீ. நீளம் போதும். நிறம் பார்த்து வெட்டுவதானால் 90 செ.மீ. வாங்குங்கள். அந்த 20 செ.மீ. வீணல்ல, பலகையை மேலும் கீழும் நகர்த்தி நல்ல இடம் பிடிக்கும் இடம் அது.

வெட்டிய ஒவ்வொரு துண்டின் பின்னாலும் எண்ணும் மேல்நோக்கிய அம்புக்குறியும் போடுங்கள். குண்டூசி குத்தாதீர்கள்; ஓட்டை ஆறாது, கிளிப் போடுங்கள். தையலைப் பிரித்தாலும் ஓட்டை வரிசை நிற்கும். 80 அல்லது 90 எண் கூர்முனை ஊசி, பாலியெஸ்டர் நூல், தையல் நீளம் 3 முதல் 3.5 மில்லிமீட்டர். நூலின் நிறத்தை வெளிர் பகுதிக்கும் கறுத்த பகுதிக்கும் நடுவில் எடுங்கள். வெளிர் நிறத்துக்குப் பொருந்தும் நூல் கறுத்த இடத்தில் பல்லைக் காட்டும்.

சாயம் போட்ட கார்க் சீராக இருக்குமே?

இயற்கை நிறத்தைவிடச் சீர், துணிச்சாயம் அளவுக்கு இல்லை. மூச்சுத் துளையின் தூளும் வளையத்தின் கறுத்த கோடும் சாயத்தை வேறு மாதிரி வாங்கும். கருநீலம், கறுப்பு என்றால் வேறுபாடு மறையும். வெளிர் இளஞ்சிவப்பு, வெள்ளை என்றால் அடியில் இருக்கும் பழுப்பு அங்கங்கே எட்டிப் பார்க்கும். வெளிர் சாயத்தைச் சீர் என்று நம்பி வாங்கி ஏமாறுகிறவர்கள்தான் அதிகம்.

அடர்ந்த சாயத்தில் வேறு ஆபத்து: வெள்ளை வேட்டியிலும் பட்டுப் புடவையிலும் இறங்குவது. வாங்குமுன் நனைத்துப் பிழிந்த வெள்ளைப் பருத்தித் துணியால் ஒரே இடத்தை அழுத்தி 20 முறை தேயுங்கள். துணியில் நிறம் தெரிந்தால், கோவிலுக்கு வெள்ளை உடுத்துப் போகும் நாளில் அந்தப் பையைத் தோளில் மாட்ட வேண்டாம்.

வெயிலில் நிறம் போகுமா?

போகும். இயற்கைக் கார்க் வெயிலில் கறுக்காது, வெளிறும்; வைக்கோல் நிறத்தை நோக்கிப் போகும். கறுத்த பகுதியில் மாற்றம் நன்றாகத் தெரியும். சாயம் போட்டதில் எந்தச் சாயம் என்பதைப் பொறுத்தது.

கடையில் வடக்கு ஜன்னலோரம் மடித்து அடுக்கி வைத்த துணியின் மடிப்பு விளிம்பு மட்டும் வெளிறி, விரித்தால் பட்டை பட்டையாகத் தெரியும். அதை இயற்கை வேறுபாடு என்று விற்பார்கள். நம்பாதீர்கள்: பட்டையின் திட்டுக்கு நேர்க்கோடு கிடையாது. ஒரே இடைவெளியில் நேர்க்கோட்டில் வெளிறியிருந்தால் அது வெயில்.

தெரியாத ரகத்துக்கு இந்தச் சோதனை: ஒரு துண்டின் பாதியைக் கனத்த அட்டையால் மூடி, வடக்கு ஜன்னலில் நான்கு வாரம் ஒட்டி வையுங்கள். அட்டையை எடுத்ததும் எல்லைக்கோடு பளிச்சென்று தெரிந்தால், அந்த ரகத்தைக் கார் இருக்கைக்கோ ஜன்னலோர மெத்தைக்கோ பயன்படுத்தாதீர்கள்.

ரிவெட்டைச் சுற்றிக் கருநீல வளையம் வந்துவிட்டது. துணி மட்டமா?

துணி அல்ல, இரும்பு. கார்க்கில் டானின் இருக்கிறது. இரும்பும் ஈரமும் சேர்ந்தால் கருநீலக் கறை. பழைய காலத்து எழுத்து மை செய்த அதே வேதியியல். டர்பனில் கடற்காற்றின் உப்பு இரும்பைச் சீக்கிரம் துருப்பிடிக்க வைப்பதால் கடலிலிருந்து தள்ளிய ஊரில் இரண்டு வருடம் தாங்கும் முலாம் பூசிய ரிவெட்டும் கடற்கரையோரம் அதற்கு முன்பே போய்விடலாம்.

கறை உள்ளே இறங்கிவிட்டால் எடுக்க முடியாது. மரக்கறை நீக்கும் அமிலங்கள் மேல்பூச்சைத் தாண்டி உள்ளே போகாது. பூச்சை உரித்துவிட்டுப் போட்டால் பக்கத்து நிறமும் வெளுக்கும். அகலமான வாஷர் போட்டு மறைப்பதே நடைமுறை. தடுப்பதுதான் சுலபம்: பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகு மட்டும் வாங்குங்கள். கடையிலேயே காந்தம் வைத்துப் பாருங்கள், இழுத்தால் பெரும்பாலும் இரும்பு. சில எஃகு வகைகளும் இழுக்கும், ஆனால் பித்தளை இழுக்கவே இழுக்காது. ஓட்டை போட்ட விளிம்பில் நிறமற்ற விளிம்புப் பூச்சு ஒரு சொட்டு தடவி, காய்ந்த பிறகு ரிவெட்டை அடியுங்கள். வெட்டிய விளிம்பு வழியாகத்தான் நீர் உள்ளே போகிறது.

மஞ்சள், குங்குமம், விபூதி, விளக்கெண்ணெய் பட்டால்?

விபூதியை ஈரத்துணியால் தொடாதீர்கள். முதலில் மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஈரம் பட்டால் துளைக்குள் சேறாகி வெள்ளைப் புள்ளியாக உட்கார்ந்துவிடும்.

மஞ்சளையும் முதலில் உலர்ந்தபடியே தட்டிவிட்டு, பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு சொட்டை ஒரு கோப்பை வெதுவெதுப்பான நீரில் கலந்து, நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். காரச் சோப்பு பட்டால் மஞ்சள் சட்டென்று சிவக்கும். கறை கூடிவிட்டதென்று பதறித் தேய்க்க வேண்டாம். வெறும் நீரில் இரண்டு முறை துடைத்தால் பழைய மஞ்சளுக்குத் திரும்பும். மிச்சம் இருக்கும் மஞ்சளை வெயில் எடுத்துவிடும், ஆனால் அதே வெயில் கார்க்கையும் வெளுக்கும். கறை பட்ட இடம் மட்டும் தெரிய ஓட்டை போட்ட அட்டையால் மற்றதை மூடி, அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். போதாவிட்டால் இன்னொரு அரை மணி.

குங்குமத்தில் செயற்கைச் சாயம் கலந்தது நிறைய. அன்றைக்கே துடைத்தால் போகும். மறுநாள் என்றால் பாதிதான்.

எண்ணெய்க்கு முதலில் கடலை மாவோ சோளமாவோ போடத் தோன்றும். மேல்பூச்சு நன்றாக இருந்தால் தேவையில்லை, துடைத்தால் போதும். பூச்சு தேய்ந்திருந்தால் எண்ணெய் உள்ளே போய் அந்த இடம் நிரந்தரமாகக் கறுக்கும். கைப்பிடி மட்டும் நாளடைவில் கறுப்பதும் இப்படித்தான்: கையெண்ணெயும் வியர்வையும்.

சானிடைசர்?

வேண்டாம். ஆல்கஹால் மேல்பூச்சை மங்க வைக்கும். மங்கிய இடம் வேறு நிறமாகத் தெரியும்.

மழைக்காலத்தில் சாம்பல் நிறப் புள்ளிகள் வருகின்றன.

டர்பனில் டிசம்பர் முதல் மார்ச் வரை காற்றே ஈரம். கார்க்கில் சூபரின் என்ற மெழுகுத்தன்மையுள்ள பொருள் அதிகம். நீர் எளிதில் ஏறாது. பூஞ்சை பிடிப்பது பெரும்பாலும் அடியில் உள்ள பருத்தியிலும், மேலே படிந்த தூசியிலும். பையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியில் வைப்பதுதான் முக்கியக் காரணம். பருத்திப் பையில் போட்டு, உள்ளே வெள்ளைத் தாளைச் சுருட்டி வையுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை இறங்கும். ரோலாக வாங்கிய துணியைக் குழாயில் சுற்றியே வையுங்கள், மடிக்காதீர்கள்.

புள்ளி வந்துவிட்டால் வெளியில், நிழலில் நன்றாகக் காயவைத்து, உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, பிறகு சோப்பு நீரில் துடையுங்கள். கார்க்கின் மேல் இருந்தால் போய்விடும். பின்னாலும் இருந்தால் வாடை போகாது.

இந்த ஊருக்கு இன்னொன்று: அடியில் துணிக்குப் பதில் பாலியூரித்தேன் தாள் ஒட்டிய மலிவு வகையை எடுக்காதீர்கள். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அது சில ஆண்டுகளில் பிசுபிசுத்து உரியும்.

நிறத்தைச் சீராக்க நானே சாயம் போடலாமா?

மேல்பூச்சு இருக்கும்வரை சாயம் உள்ளே போகாது. பூச்சைத் தேய்த்து எடுத்தால் அரை மில்லிமீட்டர் தாளும் சேர்ந்து போய்விடும். விளிம்பில் தெரியும் அடித்துணியின் வெள்ளைக் கோட்டை மட்டும் பழுப்பு விளிம்புப் பூச்சால் மறைக்கலாம். அதிலேயே பை பாதி ஒழுங்காகிவிடும்.

இஸ்திரி போடுவதானால் பின்பக்கம், நடுத்தரச் சூடு, நீராவி இல்லாமல். முன்பக்கம் சூடு பட்டால் பூச்சு பளபளத்து அதுவே திட்டாகத் தெரியும்.

புரட்டாசி விரதத்திலும் காவடிக்கும் இந்தப் பையைக் கொண்டுபோகலாமா?

கார்க் மரப்பட்டை, அதில் விலங்கு எதுவும் இல்லை. பையில் மற்றவற்றைப் பாருங்கள். கைப்பிடியின் ஓரப் பட்டி, ஜிப்பின் இழுப்பான், உள்ளே ஒட்டிய பெயர்ச்சின்னம் ஆகியவற்றில் தோல் வைப்பது வழக்கம். பழுப்பு நிறத்தில் இருப்பதால் கார்க்கோடு கலந்து கண்ணில் படாது. வெட்டு விளிம்பைப் பாருங்கள்: தோல் நார் நாராக, ஒரே பொருளாகத் தெரியும், கார்க் என்றால் மேலே பழுப்புத் தாளும் கீழே நெசவும் என்று இரண்டடுக்காகத் தெரியும்.

போலிக் கார்க்கை எப்படிக் கண்டுபிடிப்பது?

நிற வேறுபாடே சாட்சி. அச்சடித்த போலியில் ஒரே திட்டு, ஒரே புள்ளிக் கூட்டம், குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும். ஒன்றிரண்டு மீட்டர் விரித்து, கண்ணில் நிற்கும் ஒரு புள்ளியைத் தேர்ந்து, அதே வடிவம் வேறெங்கும் இருக்கிறதா என்று தேடுங்கள். அச்சு அசலாகக் கிடைத்தால் அது அச்சுதான். உண்மைக் கார்க்கில் அடுத்தடுத்த தாள்கள் ஒத்திருக்கும், ஆனால் மேலே சொன்னபடி ஓரம் மாறியிருக்கும். வெட்டு விளிம்பை நகத்தால் கீறினால் கார்க் பொடியாக உதிரும், பிளாஸ்டிக் இழுபடும்.

கேப் பக்கம் கார்க் ஓக் மரங்கள் இருக்கிறதாமே, உள்ளூர்த் துணி கிடைக்குமா?

மேற்குக் கேப்பில் நட்டு வளர்த்த மரங்கள் உண்டு. துணி செய்யும் அளவு அறுவடை கிடையாது. கடையில் “உள்ளூர்” என்று எழுதியிருந்தால் பை தைத்தது உள்ளூர் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நிறம் பிடிக்கவில்லை. திருப்பிக் கொடுக்க உரிமை உண்டா?

இணையத்தில் வாங்கியிருந்தால், தென்னாப்பிரிக்காவின் 2002-ஆம் ஆண்டு மின்னணுத் தொடர்பு, பரிவர்த்தனைச் சட்டத்தின் 44-ஆம் பிரிவுப்படி பொருள் கைக்கு வந்த 7 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். திருப்பி அனுப்பும் செலவு உங்களுடையது. பணம் 30 நாட்களுக்குள் வர வேண்டும். உங்கள் அளவுக்கென்று தைத்த பைக்கு இது பொருந்தாது.

மாதிரித் துண்டையோ விவரிப்பையோ மட்டும் நம்பி வாங்கியிருந்தால், 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 18-ஆம் பிரிவு: கவனமுள்ள சாதாரண வாங்குநர் அந்த மாதிரியைப் பார்த்து எதை எதிர்பார்ப்பாரோ, முக்கிய அம்சங்களில் பொருள் அதற்கு ஒத்திருக்க வேண்டும். பழுப்புத் திட்டு இரண்டு கூடுதலாக இருந்தால் இது செல்லாது. தேன் நிற மாதிரி காட்டிவிட்டு முழுக்கக் கரும்பழுப்பு அனுப்பினால் பேசலாம். பூச்சு உரிவது, தாள் பிரிவது போன்ற தரக்குறைக்கு 56-ஆம் பிரிவு 6 மாதம் தருகிறது: பழுது, மாற்று, பணம் என்ற மூன்றில் எது என்பதை வாங்கியவரே சொல்லலாம். மாதிரித் துண்டைத் தூக்கிப் போடாதீர்கள். நாளைக்குச் சான்று அதுதான்.

விற்கிறவர்களுக்கும் ஒன்று: ரோலின் மிக வெளிர் இடம், மிகக் கறுத்த இடம் இரண்டையும் ஒரே படத்தில் காட்டிவிட்டால் இந்தப் பேச்சே எழாது. அழகான இடத்தை மட்டும் படம் எடுத்துப் போடுவதுதான் வம்பு.

மிச்சத் துண்டைப் பிற்காலப் பழுதுக்கு வைத்திருக்கலாமா?

கட்டாயம். ஆனால் அலமாரியில் பூட்டி வைத்தால் இரண்டு வருடம் கழித்துப் பை வெளிறியிருக்கும், துண்டு புதிதில் இருந்த கறுப்பிலேயே இருக்கும். ஒட்டினால் ஒட்டு என்று தெரியும். பாதித் துண்டை அலமாரியில் வையுங்கள், பாதியைப் பை வழக்கமாகத் தொங்கும் கொக்கியிலேயே மாட்டி வையுங்கள். இரண்டுமாதம் ஓடிய பைக்கு அலமாரித் துண்டு பொருந்தும், இரண்டு வருடம் ஓடியதற்குக் கொக்கியில் தொங்கியது.